அக்கா அனுப்பிய சவாரி

அக்காவின் தலைமுடியில் சிக்கு எடுத்துக்கொண்டிருந்தான் அவன். ஆட்டோ ஓட்டிப் பழகிய கை. சீப்பு சொன்னபடி கேட்கவில்லை.

“டேய், அது முடியா, கயிறா? மெதுவா இழு. என்ன மொட்டையாவா அனுப்பப் போற?”

அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. செங்கல் தூசி தின்ற நுரையீரல் அவளுடையது. இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை, வீட்டில் வைத்து நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் அனுப்பிவிட்டார். ஒரு வாக்கியத்துக்கு நடுவில் இரண்டு தடவை மூச்சு வாங்க வேண்டியிருந்தது. கேலி மட்டும் குறையவில்லை. காலையில் அவன் மனைவி ஊட்டிய பாலைக் குடித்துவிட்டு, “சக்கரை கடையிலேயே தங்கிடுச்சா?” என்று கேட்டிருந்தாள்.

வாசலில் யாரோ மூச்சிரைக்க வந்து நின்றார்கள். செங்கல் சூளையில் கல் அடுக்கும் பெண்.

“அண்ணே, வெறகு எடுக்கப் போன பொண்ண பாம்பு கடிச்சிருச்சு. கால்ல. புதுசா வந்த கூட்டம், நம்ம பாஷைகூட தெரியாது. முதலாளியக் கேட்டுட்டுத்தான் அனுப்பணும்னு மேஸ்திரி சொல்றாரு. மந்திரிக்கிறவரக் கூட்டிவர ஆள் போயிருக்கு.”

அவன் சீப்போடு அக்காவின் முகத்தைப் பார்த்தான். உதட்டில் நீலம் ஏறியிருந்தது. நேற்று அது இல்லை.

“வேற வண்டி ஏதாவது...”

“இருக்கா?” என்றாள் அக்கா.

இல்லை. அந்தப் பக்கத்துக்கு இருந்தது அவன் ஆட்டோ ஒன்றுதான்.

அவர்களுடைய அப்பாவும் சூளையில்தான் வேலை பார்த்தார். தகரக் கொட்டகை, மண் தரை, அதன் மேல் ஒரு பாய். தூக்கத்தில் அவரைப் பாம்பு கடித்தது. சூளை லாரி கொட்டகைக்கு எதிரிலேயே நின்றிருந்தது. சாவி டிரைவரிடம். டிரைவருக்கு மேஸ்திரி சொல்ல வேண்டும், மேஸ்திரிக்கு முதலாளி சொல்ல வேண்டும், முதலாளியை எழுப்ப எல்லோருக்கும் பயம். யாரும் கெட்டவர்கள் இல்லை. ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். விடிந்தபோது கேட்க எதுவும் மிச்சமில்லை.

அக்கா அப்போதுதான் கல் சுமக்க ஆரம்பித்திருந்தாள். அதன் பிறகு தம்பியை ஒரு கல்லைக்கூடத் தொட விடவில்லை. தான் சுமந்தாள், அவனை வண்டி ஓட்டப் பழக்கினாள். யாராவது கல்யாணப் பேச்செடுத்தால், “இவன வளத்த அலுப்பே இன்னும் தீரல” என்று வாயை அடைத்துவிடுவாள்.

“சீப்ப உன் பொண்டாட்டிகிட்ட குடுத்துட்டுக் கெளம்பு. எவனையும் கேக்காத. ஏத்திக்கிட்டுப் போ.”

“அக்கா, நீ இப்படி இருக்கும்போது...”

“நான் எங்கடா ஓடப் போறேன்?”

அவன் ஓடினான்.

பாம்பு கடித்த பெண் செங்கல் அடுக்கின் மேல் உட்கார்ந்திருந்தாள். இளம் வயது. கணுக்கால் அதற்குள் வீங்கிப் பளபளத்தது. பக்கத்தில் அவள் கணவன் ஒவ்வொருவர் முகமாகப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“முதலாளி ஃபோன் எடுக்கல. கொஞ்சம் பொறு” என்றார் மேஸ்திரி.

“கேக்க வரல மேஸ்திரி. கூட்டிட்டுப் போக வந்திருக்கேன்.”

மேஸ்திரி கையிலிருந்த ஃபோனை ஒரு தடவை பார்த்தார். சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு, குனிந்து அந்தப் பெண்ணைத் தானே தூக்கி ஆட்டோவில் உட்கார வைத்தார்.

வழியெல்லாம் கண்ணாடியில் அவளைப் பார்த்துக்கொண்டே ஓட்டினான். ஈறில் ரத்தம் கசிந்தது. கணவன் அவள் தலையைத் தோளில் சாய்த்துப் பிடித்துக்கொண்டு என்னவோ சொல்லிக்கொண்டே வந்தான். பாஷை புரியவில்லை. என்ன சொல்கிறான் என்பது புரிந்தது.

ஆஸ்பத்திரியில் மருந்து ஏற ஆரம்பித்ததும் வீட்டுக்கு ஃபோன் போட்டான். “அக்காகிட்ட சொல்லிடு. நேரத்துக்கு வந்துட்டோமாம்.” மனைவி சரி என்றாள். வண்டியைத் திருப்பி எடுக்கும்போது அவளே கூப்பிட்டாள். “வந்துடுங்க” என்றாள் அழுதுகொண்டே. அவன் என்னவென்று கேட்காமல் வண்டியைக் கிளப்பினான்.

வீடு வந்து சேர்ந்தபோது அக்காவின் முடி சிக்கில்லாமல் வாரிப் பின்னியிருந்தது.

“அண்ணி ஒண்ணே ஒண்ணுதான் கேட்டுக்கிட்டே இருந்தாங்க” என்றாள் மனைவி. “‘போய்ச் சேந்துட்டானா, போய்ச் சேந்துட்டானா’ன்னு. நீங்க ஃபோன் பண்ணதும் சொன்னேன். ‘அப்ப சரி. அந்த ஜன்னலத் தொற, புழுக்கமா இருக்கு’ன்னாங்க. தொறந்துட்டுத் திரும்பிப் பாத்தேன்...”

அவன் கட்டிலில் உட்கார்ந்து அக்காவின் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான். கல் தூக்கிக் காய்த்த உள்ளங்கை. இன்னும் வெதுவெதுப்பாக இருந்தது. ஜன்னல் வழியாக நல்ல காற்று வந்தது.

மறுநாள் காலை அடக்கம். சூளையே திரண்டு வந்திருந்தது. மேஸ்திரியும் தோள் கொடுத்தார். திரும்பி வரும்போது அவர்தான் தயங்கித் தயங்கிக் கேட்டார்:

“கடைசி நேரத்துல கூட இருக்க முடியலையேன்னு இருக்கா?”

“கூட இருந்திருந்தா திட்டியே தீத்திருப்பா” என்றான். சொல்லிவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

மதியம் வண்டியைக் கழுவும்போது பின் இருக்கைக்கு அடியில் ஒரு செருப்பு கிடந்தது. ஒற்றைச் செருப்பு, சிறியது. வாரைச் செம்புக் கம்பியால் தைத்திருந்தார்கள். அதை உதறித் தண்ணீரில் அலசி, காய்ந்ததும் எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனான்.

வார்டில் அந்தப் பெண் காலைத் தலையணை மேல் வைத்துச் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கணவன் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தான். கொண்டுவந்த செருப்பை அவன் கட்டிலுக்குக் கீழே வைத்தான். அவள் எட்டிப் பார்த்தாள். செருப்பையும், பூசணிக்காய் மாதிரி வீங்கியிருந்த காலையும் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு, அவள் பாஷையில் என்னவோ சொல்லி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். கணவனும் சிரித்தான். பழத்தைப் பிட்டுப் பெரிய பாதியை அவனிடம் நீட்டினான்.

அவன் அதை வாங்கிக்கொண்டு, ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு சுளையாகத் தின்றான்.