மாப்பிள்ளை பேரில் ஒரு முகவரி

பல்லுக்காரருக்குத் தன் தொழிலைப் பற்றித் தலைகொள்ளாத பெருமை. ஊரில் பாதிப் பேர் சிரிக்கிற சிரிப்பு என் பட்டறையில் செய்ததாக்கும் என்பார். அது ஒன்றும் பொய்யில்லை. பல் டாக்டர்கள் நோயாளியின் வாயை அச்செடுத்து அனுப்புவார்கள். இவருடைய ஆட்கள் அதை வைத்து மெழுகில் வடித்து, வார்த்து, அராவி, மெருகேற்றிப் பல் செட்டாகத் திருப்பி அனுப்புவார்கள். பல்லில் குறை சொல்ல யாராலும் முடியாது. மனிதரிடம்தான் சொல்ல நிறைய இருந்தது.

இணையத்தில் ஆர்டர் எடுக்கலாம் என்று அவர் கிளம்பியபோது, கடைப் பெயருக்கு எல்லோரும் வைத்துக்கொள்கிற வழக்கமான டாட் காம் முகவரியை யாரோ ஒரு புண்ணியவான் முன்கூட்டியே வாங்கி, ஒன்றும் செய்யாமல் போட்டு வைத்திருந்தான். பெயரோடு இன்னொரு சொல்லைச் சேர்த்துக்கொள்ளலாம் என்றாள் வெப்சைட் செய்து கொடுத்த பெண். டாக்டர்களுக்கு அவ்வளவு நீளமாய் டைப் அடிக்க ஏது பொறுமை என்று இவர் முகத்தைச் சுளித்தார். பிறகு ஒருநாள் எங்கேயோ ஒரு வாசனைத் திரவியக் கடையின் முகவரியைப் பார்த்துவிட்டு வந்தார். முடிவில், புள்ளிக்குப் பிறகு இரண்டே எழுத்து. பார்க்க எடுப்பாக இருந்தது. எனக்கும் இதுதான் வேண்டும் என்று பிடிவாதமாய் நின்றார்.

"சார், அது ஒரு தீவு நாட்டோட எழுத்து," என்றாள் அந்தப் பெண். "அங்க குடியிருக்கறவங்க பேர்லதான் தருவாங்க. சட்டமும் அவங்க சட்டம்தான். நாளைக்கு ஏதாவது தகராறுன்னா இங்க யாரும் உங்களுக்கு ஒண்ணும் பண்ண முடியாது."

இவ்வளவு சொன்னதில் பல்லுக்காரர் காதில் விழுந்தது குடியிருக்கிறவர்கள் என்கிற ஒரு சொல் மட்டும்தான். அவருடைய தங்கையின் புருஷன் அதே தீவில், கடலோர ஹோட்டல் ஒன்றில் ஏசி மெக்கானிக். வேறென்ன வேண்டும்? நம்ம வீட்டு ஆள் பேரில் இருந்தால் நம்ம கையில் இருக்கிற மாதிரிதானே என்று துள்ளிக் குதித்தார். குடும்பத்துக்காரர்கள் இப்படித்தான். வெளியாள் என்றால் ஆயிரம் கேள்வி கேட்பார்கள். மாப்பிள்ளை என்றால் கண்ணை மூடிக்கொள்வார்கள்.

மாப்பிள்ளை தங்கமான மனுஷன். முடியாது என்கிற வார்த்தை அவர் வாயில் வரவே வராது. கேட்ட அன்றைக்கே தன் வேலை பெர்மிட்டின் நகலை அனுப்பி வைத்தார். யாராவது விசாரித்தால் என்ன சொல்ல என்று மட்டும் கேட்டார். உங்களோடதுன்னே அடிச்சுச் சொல்லுங்க, தடுமாறாதீங்க என்று பல்லுக்காரர் பாடம் சொல்லிக் கொடுத்தார். சரி மச்சான் என்றார் அவர்.

முகவரி வந்தது. பல்லுக்காரர் அதைத் தலையில் தூக்கி வைத்து ஆடினார். கடைப் பலகை, பல் செட் வைக்கிற டப்பா, டெலிவரி வண்டியின் இரண்டு பக்கம், டாக்டர்களுக்குக் கொடுக்கிற பேனா, எல்லாவற்றிலும் அது ஏறியது. பேங்கிலும் வரி ஆபீஸிலும்கூடப் பழைய மெயிலை மாற்றிவிட்டுப் புது முகவரியின் மெயிலைக் கொடுத்தார். டாக்டர்கள் சட்டென்று டைப் அடித்தார்கள், ஆர்டர்கள் குவிந்தன. பார்த்தியா, வேண்டாம்னு பயமுறுத்தினியே என்று வெப்சைட் பெண்ணிடம் போகும்போதும் வரும்போதும் குத்திக் காட்டினார்.

இந்த நிலையில்தான், மாப்பிள்ளை லீவில் வந்துபோன கையோடு, ஊரில் இருந்த தங்கை உண்டானாள். கல்யாணமாகி எத்தனையோ காலம் ஏங்கிய பிறகு வந்த சேதி. அவள் நேராகப் பட்டறைக்கே வந்து சொன்னாள். சொல்லும்போதே அழுதாள், சிரித்தாள். பல்லுக்காரருக்கும் கண் கலங்கிவிட்டது. அடுத்த சேதியையும் அவள் அதே மூச்சில் சொன்னாள். குழந்தை பிறக்கும்போது அவர் இங்கே இருப்பார், ஆஸ்பத்திரி ஒன்றில் ஏசி பார்க்கிற வேலைகூடப் பேசி முடித்துவிட்டார்.

"லீவுலதானே வரார்?" என்று கேட்டார் பல்லுக்காரர்.

"இல்லண்ணே, மொத்தமா வந்துடறார்."

 புருஷன் வீட்டுக்கு வரப்போகிற சந்தோஷத்தில் அண்ணன் முகம் இருண்டதை அவள் எங்கே பார்த்தாள்? அவள் அந்தப்பக்கம் போனதும் இவர் வெப்சைட் பெண்ணுக்குப் போன் போட்டார். மாப்பிள்ளை கிளம்பினால் பெர்மிட் போகும், பெர்மிட் போனால் முகவரியும் போகும், முதலில் கேட்கிற எவனுக்கும் தீவு ஆபீஸ் அதைத் தூக்கிக் கொடுத்துவிடும் என்றாள். ஆனால் பதற வேண்டாம், இன்றைக்கே வேறு முகவரி வாங்கி இரண்டையும் கொஞ்ச நாள் சேர்த்து ஓட்டலாம், டாக்டர்களுக்குச் சொல்லி மெதுவாக மாறிக்கொள்ளலாம் என்று வழியும் சொன்னாள்.

நல்ல வழிதான். பல்லுக்காரர் வாசலுக்கு வந்து தன் கடைப் பலகையை நிமிர்ந்து பார்த்தார். அந்த இரண்டு எழுத்தை அழித்து அந்த இடத்தில் நீளமாய் எதையோ எழுதுவதை நினைத்துப் பார்த்தார். பெயின்டரைக் கூப்பிட அவருக்கு மனசு வரவில்லை. மாப்பிள்ளையைக் கூப்பிட்டார்.

ஊரில் வேலை நிலவரம் சரியில்லை என்று ஆரம்பித்தார். ஆஸ்பத்திரி வேலையெல்லாம் இன்றைக்கு இருக்கும், நாளைக்குப் போகும் என்றார். பிறக்கப் போகிற குழந்தைக்கு அப்பன் பக்கத்தில் இருப்பதைவிட அதன் எதிர்காலம் முக்கியமில்லையா என்று கேட்டார். பிரசவம் நம் பொறுப்பு, தாய்மாமன் நான் எதற்கு இருக்கிறேன் என்று நெஞ்சைத் தட்டிக்கொண்டார். கடைசியில், ஏதோ இப்போதுதான் ஞாபகம் வந்த மாதிரி, அப்புறம் நம்ம அட்ரஸ் விஷயமும் ஒண்ணு இருக்கு பாருங்க என்றார். 

"சரி மச்சான். ஒரு வருஷம் பல்லைக் கடிச்சுக்கறேன்," என்றார் மாப்பிள்ளை.

அதற்குப் பிறகு அவர் செய்ததுதான் பெரிய காரியம். தானே எடுத்த முடிவு என்று பெண்டாட்டியிடம் சொல்லிவிட்டார். மச்சானை விட்டுக்கொடுக்க அவருக்கு மனமில்லை. தங்கை போனிலேயே கத்தினாள், பேச மாட்டேன் என்று துண்டித்தாள். அண்ணன் வீட்டுக்கு வந்து தேம்பினாள். பல்லுக்காரர் அவள் தலையைத் தடவி, ஆம்பளைங்களுக்கு ஆயிரம் கவலை இருக்கும்மா, அவரைத் திட்டாதே என்று ஆறுதல் சொன்னார். சொல்லும்போது அவருக்கே அது நியாயமாகப் பட்டதுதான் வேடிக்கை.

பெண் குழந்தை பிறந்தது. பிரசவ வார்டில் அலைந்ததும், மருந்து வாங்கியதும், தடுப்பூசிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியதும் எல்லாம் பல்லுக்காரர்தான். அதில் நடிப்பு ஏதும் இல்லை. குழந்தைமேல் உயிரையே வைத்திருந்தார். பட்டறையில் ஒரு மூலையில் தொட்டில் கட்டினார், அது தூங்குகிற நேரத்தில் அராவுகிற மிஷினை நிறுத்தச் சொன்னார். மாப்பிள்ளை தினமும் போனில் வந்து குழந்தையைக் கூப்பிடுவார். அது திரையை நக்கப் பார்க்கும், சலித்ததும் மாமன் தோளில் சாய்ந்துகொள்ளும். தங்கை புருஷனிடம் வேண்டா வெறுப்பாக நாலு வார்த்தை பேசுவாள். அந்த நேரத்தில் பல்லுக்காரருக்கு எங்கேயோ குத்தும். உடனே எழுந்து ஏதாவது வேலையைப் பார்க்கப் போய்விடுவார்.

இந்த ஒரு வருஷத்தில் முகவரியை மாற்றியிருக்கலாம் இல்லையா? வெப்சைட் பெண்ணும் கேட்டுக் கேட்டு ஓய்ந்து போனாள். அதான் அவர் அங்க இருக்காரே, இப்ப என்ன அவசரம் என்றார் இவர்.

தீவில் புதிதாக வந்த அதிகாரி யாரோ கணக்கெடுக்க ஆரம்பித்தார். நம் எழுத்தை வைத்துக்கொண்டு எவனெவனோ வியாபாரம் செய்கிறானே, உண்மையிலேயே நம் ஊர்க்காரர்கள்தானா என்று ஒவ்வொருவராகக் கூப்பிட்டு விசாரித்தார்கள். மாப்பிள்ளையையும் கூப்பிட்டார்கள். இது உன்னுடையதா என்று கேட்டார்கள். மாப்பிள்ளை தடுமாறவே இல்லை. என்னுடையதுதான், நான்தான் நடத்துகிறேன் என்று அடித்துச் சொன்னார்.

அங்கேதான் வந்தது வினை. ஏசி பழுது பார்க்க மட்டும் பெர்மிட் வாங்கியவன் பல் செட் வியாபாரம் செய்வது அந்த ஊர்ச் சட்டப்படி குற்றம். பல் செய்ய அங்கே தனி உரிமம் வேண்டும், அதுவும் இல்லை. ஒளிவுமறைவு இல்லாமல் ஒத்துக்கொண்டார் என்று ஜெயிலில் போடாமல் விட்டார்கள். பெர்மிட்டைப் பிடுங்கி, இனி இந்தப் பக்கம் கால் வைக்கக் கூடாது என்று எழுதி வாங்கிக்கொண்டு விமானத்தில் ஏற்றினார்கள். முகவரியை அன்றைக்கே முடக்கினார்கள். இங்கே டாக்டர்கள் டைப் அடித்தால் தீவு அரசாங்கத்தின் முத்திரை வந்து நின்றது. பேங்க் பல்லுக்காரரிடம், உங்கள் மெயிலுக்கு ஒரு எண் அனுப்பியிருக்கிறோம், அதைச் சொல்லுங்கள் என்றது. முகவரியோடு சேர்ந்து முடங்கிய அந்த மெயிலைத் திறக்க அவருக்கு வழியில்லை.

கிளம்புவதற்கு முன் மாப்பிள்ளை மச்சானுக்குப் போன் செய்தபோது எடுத்தது தங்கை. மச்சானிடம் சொல்ல வேண்டியதையெல்லாம் பதற்றத்தில் அவளிடமே கொட்டிவிட்டார். அவள் போனை வைத்துவிட்டு அண்ணன் முன்னால் வந்து நின்றாள். சண்டை போடுவாள் என்று இவர் காத்திருந்தார். அவள் குரலை உயர்த்தவே இல்லை.

"அவரா எடுத்த முடிவுன்னு நெனச்சு ஒரு வருஷமா நான் அவரைத்தான்ணே திட்டிக்கிட்டிருந்தேன்."

பல்லுக்காரர் உள்ளே கூனிக் குறுகிப் போனார்.

விமான நிலையத்துக்கு மூன்று பேரும்தான் போனார்கள். குழந்தை வழக்கம்போல மாமன் இடுப்பில் இருந்தது. மாப்பிள்ளை ஒரே ஒரு பையோடு வெளியே வந்தார். ஆள் பாதியாக இளைத்திருந்தார். பெண்டாட்டியைப் பார்த்தார், அவள் கன்னத்தில் நீர் வழிய நின்றாள். அவர் மகளிடம் கையை நீட்டினார். அது அவர் முகத்தை உற்றுப் பார்த்துவிட்டு வீறிட்டது, பல்லுக்காரர் சட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கழுத்தில் முகத்தைப் புதைத்தது. மாப்பிள்ளை நீட்டிய கையை மெல்லக் கீழே இறக்கினார். பிறகு மச்சானைப் பார்த்தார்.

"மன்னிச்சிடுங்க மச்சான். உங்க அட்ரஸை என்னால காப்பாத்த முடியலை."

பல்லுக்காரர் குழந்தையை இன்னும் இறுக்கிக்கொண்டு அதன் முதுகைத் தட்டிக் கொடுத்தார்.

"கொடுண்ணே," என்றாள் தங்கை.

"அழுவுதும்மா. கொஞ்சம் பழகட்டும்…"

"அழட்டும். அவர்கிட்ட அழட்டும்."

அவள் குழந்தையின் விரல்களை அண்ணன் சட்டையிலிருந்து ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்தாள்.