திரையில் கட்டிய தூண்டில் வளைவு

அந்த வரைபடத்தை ரேகா கணினியில் திறந்த நாள்முதல் திரையின் வலது கீழ்மூலையிலிருந்து கடல் தண்ணீர் சொட்டியது. ஜாஸ்தி இல்லை, பொழுது சாய்வதற்குள் ஒரு டம்ளர் நிறையும். கடலூர் மஞ்சக்குப்பத்தில் பழைய கை வரைபடங்களைக் கணினிக் கோப்பாக மாற்றித் தரும் சென்டர் நடத்திவந்த சுரேந்தர், விரலால் தொட்டு நக்கிப் பார்த்து உப்புதான் என்று உறுதி செய்துகொண்டு, கீபோர்டு நனையாமலிருக்க ஒரு எவர்சில்வர் டம்ளரை அடியில் வைத்தார். அந்தத் தொழிலில் இதெல்லாம் சகஜம். போன வருஷம் அண்ணாகிராமத்து முந்திரி ஆலை ஒன்றின் வரைபடத்தைத் திறந்தபோது அறை முழுக்க வறுத்த வாசனை எழும்பி, அந்த வேலை முடியும்வரை எல்லோருக்கும் கண்ட நேரத்தில் பசித்தது. அதற்காக யாரும் வேலையை நிறுத்தவில்லை.

அந்த சென்டரில் வரைபவளாக இருந்த ரேகாவின் கையை நிறுத்தியது வரைபடத்தின் தலைப்பு. பனையடிக்குப்பம், துறைமுகத்துக்குத் தெற்கே அவள் பிறந்து வளர்ந்த மீனவர் ஊர். அந்த ஊரைக் கடல் தின்னத் தொடங்கி வெகுகாலமாகிறது. இரண்டு தெருக்கள் போய்விட்டன, ஊர்க்கிணறு போய்விட்டது, இப்போது வடக்குத் தெருவில் ரேகாவின் அம்மா முத்தம்மாளின் வீடுதான் அலைக்கு முதல் வீடு. போன கார்த்திகையில் கடல் அடுப்படிவரை வந்து ஆட்டுக்கல்லை உருட்டிக்கொண்டு போயிற்று. கல்லைக் கொட்டிக் கடலுக்குள் நீட்டி, முனையை வளைத்துக் கட்டும் தூண்டில் வளைவு ஒன்று வேண்டும் என்று ஊர் மறியல் செய்து ஓய்ந்துபோயிருந்தது. அப்படி ஒன்றை ரேகா பிறப்பதற்கு முன்பே வரைந்து, கட்டாமல் போட்டுவிட்டிருந்தார்கள் என்பது இப்போதுதான் தெரிந்தது. கட்டாதவற்றைக் கணினிக்கு மாற்ற வேண்டாம், வேலை முடிந்ததும் எல்லாக் காகிதத்தையும் கிழித்துவிடலாம் என்பது சென்டருக்கு வந்திருந்த உத்தரவு. சுரேந்தரும் அதைத் தள்ளிவைக்கத்தான் சொன்னார்.

“இது எங்க ஊரு சார். மத்தத முடிச்சிட்டு இத நான் போட்டுக்கறேன். நீங்க கண்டுக்காதீங்க,” என்றாள் ரேகா. அவள் குரலைக் கேட்ட சுரேந்தர் கண்டுகொள்ளவில்லை.

ஸ்கேன் செய்த தாளை அடியில் விரித்து, மேலே முதல் கோட்டைக் கரையிலிருந்து கடலுக்குள் இழுத்தாள். அன்று சாயங்காலமே முத்தம்மாள் போன் செய்தாள். “ஏண்டீ ரேகா, அலை வந்து ஒரு எடத்துல நின்னு யோசிக்குதுடீ.” திரையில் போடுவது கடலில் எழும்புகிறது என்பது ரேகாவுக்கு விளங்கிவிட்டது. மறுநாள் கல் நிரப்பினாள். அதற்குக் கணினியில் ஒரு குறுக்குவழி உண்டு. எல்லையைக் காட்டிவிட்டால் ஒரே சொடுக்கில் உள்ளே கல் கல்லாக நிறைந்துவிடும், எல்லோரும் அப்படித்தான் செய்வார்கள். கடல் அதை ஒத்துக்கொள்ளவில்லை. அந்தக் கற்களுக்கு நடுவே தாராளமாகப் புகுந்து வந்து, முத்தம்மாளின் தம்பி சிங்காரத்தின் வலைக்கொட்டகையைத் தூக்கிக்கொண்டு போயிற்று. ரேகா எல்லாவற்றையும் அழித்துவிட்டு, ஒரு கல்லை ஒழுங்காக வரைந்து பிரதி எடுத்து அடுக்கினாள். அது இன்னும் மோசமாயிற்று. அலை ஒரு கல்லை அசைத்தால் அதன் பிரதிகள் அத்தனையும் சேர்ந்து அதே பக்கம் அசைந்தன. சிங்காரத்தின் படகு குப்புறக் கவிழ்ந்தது. “நீ அங்க இன்னா பண்றேன்னு எனக்குத் தெரியாது. ஆனா பண்றதுக்கு முன்னாடி மாமாவுக்கு ஒரு போன் அடி. நான் படக ஓரமா கட்டிக்கறேன்,” என்றார் அவர், கோபமில்லாமல்.

பிறகு ரேகா குறுக்குவழிகளை விட்டாள். ஒவ்வொரு கல்லையும் தனியாக, ஒன்றைப்போல் இன்னொன்று இல்லாமல் வரைந்தாள். ஆவணி போயிற்று, புரட்டாசி போயிற்று. கழுத்து பிடித்துக்கொண்டது, தைலம் தடவிக்கொண்டு வரைந்தாள். இடது கையில் இட்லியும் வலது கையில் மவுஸுமாக வரைந்தாள். ஊரில் கரையின் தென்பக்கம் மணல் சேர்ந்து, ஊர்க்கிணற்றின் கைப்பிடிச் சுவர் மறுபடி தலைகாட்டியது. தெற்குத் தெருக்காரர்கள் அதில் வலை காயப்போட்டார்கள்.

ஐப்பசி பிறந்தபோது கோடு தீர்ந்துவிட்டது. தாளில் இருந்தது நேரான ஒரு குச்சி மட்டும்தான், முனையில் வளைவே இல்லை. குச்சியில் மோதிய அலை வடக்கே திரும்பி முன்னைவிட மூர்க்கமாக அடித்தது. முத்தம்மாள் வீட்டுப் படியில் ஒன்று உடைந்தது. தெற்குத் தெருவைக் காப்பாற்றப் போய் அம்மாவின் வீட்டைத் தானே கடலுக்குக் காட்டிக்கொடுத்துவிட்டோமோ என்று பதறி ரேகா மூலத்தாளை எடுத்து விரித்தாள். கோட்டை அளந்தால் நூற்றிருபது மீட்டர். ஆனால் கோட்டின்மேல் கையால் எழுதியிருந்த எண் இருநூற்றுப்பத்து. கோடும் எண்ணும் சண்டை போட்டால் எண்ணைத்தான் நம்ப வேண்டும் என்பது வரைபடக்காரர்கள் எல்லோருக்கும் பாலபாடம். கடற்காற்றில் தாள் சுருங்கும், கை பிசகும், எழுதிய எண் சுருங்காது. ஆனால் மிச்சத் தொண்ணூறு மீட்டர் எந்தப் பக்கம் போகிறது என்பதை எண் சொல்லவில்லை. தாளின் மூலையில் வரைந்தவர் மாலதி என்றிருந்தது. ஓய்வுபெற்றுச் சிதம்பரம் கீழவீதிப் பக்கம் இருப்பதாக விசாரித்துச் சொன்னார் சுரேந்தர். ரேகா மூலத்தாளைச் சுருட்டி அக்குளில் இடுக்கிக்கொண்டு, பஸ்ஸில் நின்றபடியே சிதம்பரம் போனாள்.

மாலதிக்கு மூட்டுவலி, கண்ணாடி தடிமன், வாய் மட்டும் பழையபடி கூர்மை. தாளை வாங்கி ஜன்னல் கண்ணாடியில் வைத்து அழுத்தினார். வெளிச்சத்தில் கோட்டின் முனைக்கு அப்பால் பிளேடால் சுரண்டிய தடம் ஆறிய காயம்போலத் தெரிந்தது. “வளைவு எதுக்கு, நேரா விட்டாப் போதும்னாரு அப்ப இருந்த ஆபீசர். அவுரு அந்தக் கடல எட்டிப் பாத்ததுகூட இல்ல. கோட்டச் சொரண்டுன்னாரு, சொரண்டினேன். நம்பரச் சொரண்டுன்னு அவுரு சொல்லல. நானும் கேட்டுக்கல,” என்று சிரித்தார். பிறகு சுரண்டிய தடத்தில் நகத்தை வைத்து மெல்ல இழுத்தார். நகம் வடக்கே வளைந்து போயிற்று. போன வழியெல்லாம் தாளிலிருந்து கடல்மணல் தரையில் உதிர்ந்தது. ரேகா அந்தத் தடத்தின்மேல் பேனாவால் கோடு போட்டுக்கொண்டாள். மாலதி துடைப்பத்தை எடுத்துக்கொண்டே, “மழைக்குள்ள முடிச்சிடு, போ,” என்றார்.

மழைக்குள் முடியவில்லை. வளைவில் பாதி நிற்கும்போது துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றிவிட்டார்கள். ஊரே பள்ளிக்கூடத்துக்குப் போயிற்று, முத்தம்மாளைத் தவிர. “எம் பொண்ணு வேல செஞ்சினு இருக்கா. நான் எங்க போறது?” என்று உடைந்த படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். அதைச் சிங்காரம் போனில் சொன்னபோது மத்தியானம், மஞ்சக்குப்பத்தில் கரண்டு போய் இன்வெர்ட்டர் கூவிக்கொண்டிருந்தது. டம்ளர் நிரம்பி வழிந்து பக்கெட் வைத்தாகியிருந்தது.

“இன்னும் எவ்ளோ இருக்கு?” என்றார் சுரேந்தர்.

“ஜாஸ்திதான் சார்.”

அவர் மற்ற கணினிகளை எல்லாம் அணைத்தார், ஒன்றைத் தவிர. முனைப்பகுதியைத் தனியாகப் பிரித்து வாங்கிக்கொண்டு, வழிந்த தண்ணீரில் முழங்கால் நனைய உட்கார்ந்து கல் வரைந்தார். ரேகா எண்ணைப் பார்க்கவில்லை, கடிகாரத்தைப் பார்க்கவில்லை. அம்மா படியில் உட்கார்ந்திருப்பதை மட்டும் நினைத்துக்கொண்டு ஒரு கல், அதற்குப் பக்கத்தில் இன்னொரு கல் என்று வைத்துக்கொண்டே போனாள். இரண்டு பேரின் கற்களும் ஒன்றையொன்று தொட்டபோது அளவு சரியாக இருநூற்றுப்பத்தைக் காட்டியது. திரையில் தண்ணீர் சொட்டுவது நின்றது. கொஞ்ச நேரத்தில் போன் வந்தது. “நின்னுடுச்சிடீ. படிய நக்கிட்டுத் திரும்பிப் போயிடுச்சி,” என்றாள் முத்தம்மாள். ரேகா வாய்விட்டு அழுதாள். சுரேந்தர் பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு கொட்டப் போனார்.

பனையடிக்குப்பத்தில் இன்றைக்கும் ஒரு கல்கூடக் கண்ணுக்குத் தெரியாது. நீர்க்காகங்கள் கடலுக்கு மேலே வெறும் காற்றில் வரிசையாக உட்கார்ந்திருக்கும். வரிசை நேராகப் போய் முனையில் வடக்கே வளையும். படகுகளை அதன் உள்பக்கம் கட்டுகிறார்கள். பார்வையிட வந்த அதிகாரி ஒருவர் முழங்காலை இடித்துக்கொண்டு, தூண்டில் வளைவு ஏற்கெனவே உள்ளது என்று எழுதிக்கொண்டு போனார். முத்தம்மாள் தினமும் முனைவரை நடந்து கருவாடு காயவைக்கிறாள்.

போன வாரம் அவள் போன் செய்தாள். “முனையில ஒரு கல்லு ஆடுதுடீ. கூடைய வெக்க முடியல.” ரேகா கோப்பைத் திறந்து பெரிதாக்கிப் பார்த்தாள். சுரேந்தர் வரைந்த கல்தான். அவசரத்தில் ஒரு மூலையைச் சேர்க்காமல் விட்டிருந்தார். அவரிடம் சொல்லிக்கொள்ளவில்லை. சிங்காரம் மாமாவுக்குப் போன் அடித்துப் படகை ஓரமாகக் கட்டச் சொல்லிவிட்டு, அந்த மூலையைச் சேர்த்தாள்.