வாடாத கம்பு

விம்கோ நகரில் மூடிக்கிடந்த ஒரு கிடங்கின் மொட்டை மாடியை மாயா கெஞ்சிக் கூத்தாடி வாங்கியிருந்தாள். செடி வளர்க்கக் கல்லூரியில் இடமில்லை என்று கைவிரித்துவிட்டார்கள். போகட்டும், கால் வைக்க முடியாத அந்தச் சூடுதான் அவளுக்கு வேண்டியது. நாட்டுக் கம்பையும் காட்டுக் கம்பையும் இனம் கலந்து வருடக்கணக்காகப் பாடுபட்டதில் ஒரு கைப்பிடி விதை தேறியது. மிச்சம் வைக்காமல் தொட்டிக்கு ஒன்றாக விதைத்துவிட்டாள். ஒன்றைப் போல் இன்னொன்று இருக்காது. பூக்கும் சமயத்தில் தண்ணீரை அடியோடு நிறுத்த வேண்டும். எது வாடாமல் நிற்கிறதோ அதுதான் வறண்ட சீமைக்குப் போகவேண்டிய கம்பு. அப்படி ஒன்றுகூடத் தேறாவிட்டால் உதவித்தொகை நின்றுவிடும், ஆராய்ச்சியும் அதோடு சரி.

தண்ணீரை நிறுத்திய கையோடு டைபாய்டு வந்து ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டாள். கிடங்கின் காவலாளி சௌக்கத் அலியிடமோ அவர் மனைவி மலிகாவிடமோ ஒரு வார்த்தை சொல்லிவைக்கவில்லை. லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு அடித்துக்கொள்ளும் தெருவில் அடுத்தவர் செடிக்கு யார் ஊற்றப்போகிறார்கள் என்ற நினைப்பு. அதே மாதிரித் தெருவில், வியாசர்பாடியில் வளர்ந்த மாயாவுக்கு இதுகூடவா தெரியாது? அடித்துப் பிடித்து வாங்குகிறவர்கள்தான் தாகம் என்றால் முதலில் தூக்கிக் கொடுப்பார்கள்.

காய்ச்சல் விட்டதும் தள்ளாடிக்கொண்டே மாடியேறினாள். கண்ணில் பட்ட தொட்டியெல்லாம் ஈரம். எல்லாச் செடியும் பச்சை.

"தலைய தொங்கப்போட்டுகினு கெடந்துச்சுங்கமா," என்றாள் பின்னாலேயே வந்த மலிகா. "நீ அங்க காய்ச்சல்ல கெடக்குற, இதுங்க இங்க சாவணுமா? நம்ம வூட்டுக் கொடத்துலேர்ந்து தெனமும் ஊத்துனேன்."

மாயாவுக்கு ஒரே ஒரு நம்பிக்கை மிச்சமிருந்தது.

"யோசிச்சு சொல்லுக்கா. நீ ஊத்துறதுக்கு முன்னால எதனா ஒண்ணு வாடாம நின்னுச்சா?"

"நின்னுச்சே. மூலையில கீது பாரு, அந்தத் தொட்டியில."

மாயா ஓடினாள். தொட்டியில் வெறும் மண்தான் இருந்தது.

"சொட்டு தண்ணி இல்லாம அது மட்டும் கும்முனு நிக்குது. அப்போ அது களைதானமா? உன் செடிங்க பாவம்னு வேரோட புடுங்கி பக்ரீத் ஆட்டுக்குப் போட்டுட்டேன்."

மாயா மண்டியிட்டு இரண்டு கையாலும் மண்ணைத் தோண்டினாள். ஒரு வேர்த்துண்டு, ஒரு கணு, எதுவுமே இல்லை. மலிகா சுத்தமாகத்தான் பிடுங்கியிருந்தாள்.

"இன்னாமா தேடுற?"

"இருந்துச்சுக்கா," என்றாள் மாயா, நிமிராமலே. "நெஜமாவே ஒண்ணு இருந்துச்சு."