மூன்றாவது கோயிலின் மணிக்கயிறு

கடைசிப் பத்துப் படிகளை ஓடியே ஏறினேன். பின்னால் என் வீட்டுக்காரர் ஜெபகுமார் மூச்சு வாங்கிக்கொண்டு வந்தார். கம்பெனி ஷட்டவுன் ஐந்து நாள். ஊரே தூங்கித் தீர்க்கும்போது, ஒரகடத்திலிருந்து அவரை பைக்கில் கிளப்பி, பஸ் வராத இந்த மலையூருக்கு இழுத்து வந்துவிட்டேன். பழைய மாதா கோயில்கள் என்றால் எனக்குப் பைத்தியம். இங்கே மூன்று இருக்கின்றன. காலையிலேயே இரண்டைப் பார்த்தாயிற்று. மூன்றாவதுதான் மூத்தது, இருநூறு வருஷத்துக்கு மேல் இருக்குமாம்.

அவருக்கும் ஒரு மாறுதல் வேண்டியிருந்தது. கார் கம்பெனியில் கதவு மாட்டும் லைனில் வேலை. தலைக்குமேல் நீளமாக ஒரு கயிறு ஓடும். தப்பு ஏதாவது கண்ணில் பட்டால் இழுக்க வேண்டும், லைன் மொத்தமும் நின்றுவிடும். போன மாதம் ஒரு கதவில் விரிசல் என்று இழுத்தார். துடைத்துப் பார்த்தால் வெறும் எண்ணெய்க் கோடு. சூப்பர்வைசர் அத்தனை பேர் முன்னாலும் கண்ணாடி போட்டுக்கொள்ளச் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து மனிதர் தன் கண்ணையே நம்புவதில்லை. ஸ்டோருக்கு மாற்றிவிடச் சொல்லி எழுதிய லெட்டர், திங்கட்கிழமை கொடுக்க, பையிலேயே இருக்கிறது. லைன் என்றால் உயிரை விடுகிற ஆள்.

செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனதும் எல்லாம் மறந்துபோனது. மரத்தில் செதுக்கிய பீடம், நீலம் போகாத சுவர். எனக்குப் புல்லரித்தது. சாவி வைத்திருக்கும் சொர்ணம்மாள் பெஞ்சுகளுக்கு நடுவே பெருக்கிக்கொண்டே கதை சொன்னார். நான் பீடத்தை போட்டோ எடுக்கப் போனேன்.

மணி அடித்தது.

திரும்பினால், வாசலோரம் தொங்கிய மணிக்கயிறு என் வீட்டுக்காரர் கையில். பார்வை சொர்ணம்மாள் தலைக்கு மேலே.

"யம்மா, அங்கருந்து வந்துடு."

வெளியே வந்த சொர்ணம்மாள் தலையில் அடித்துக்கொண்டார். பூசையில்லாத நேரத்தில் மணி அடித்தால் அந்த ஊரில் சாவு என்று அர்த்தமாம். சொல்லி முடிப்பதற்குள் காட்டிலிருந்தும் வீடுகளிலிருந்தும் ஆட்கள் ஓடிவந்துவிட்டார்கள்.

"யாருங்க போயிட்டது?" என்றார் முன்னால் வந்த சின்னப்பையன். பேர்தான் அப்படி, ஐம்பது வயதிருக்கும்.

"யாரும் சாவலபா. தப்பு தெரிஞ்சா கயிறு இழுக்கணும், எங்க வேல அப்டி. கை தன்னால போய்ட்ச்சி."

எனக்கு மானம் போனது. சின்னப்பையன் சிரிக்கவில்லை.

"என்னங்க தெரிஞ்சுது?"

இவர் என்னைப் பார்த்தார். இன்னொரு எண்ணெய்க் கோடாக இருந்துவிடக் கூடாதே என்று, பீடத்து மாதாவை நான் அவசரமாக வேண்டிக்கொண்டேன்.

"அந்த உத்தரம் செவுத்த வுட்டு நவுந்துகீது. இல்லாங்காட்டி எனக்குத்தான் அப்டி..." முடிக்காமல் விட்டார்.

யாரோ ஏணி கொண்டுவந்து சுவரில் சாய்த்தார்கள். சின்னப்பையன் எல்லாரையும் வாசலிலேயே நிறுத்திவிட்டு ஏறினார். இடுப்பிலிருந்த கொடுவாளை எடுத்து, உத்தரம் சுவரில் நுழையும் இடத்தில் நுனியை வைத்து அழுத்தினார்.

உளுத்த மரத்துக்குள் கொடுவாள் பிடிவரைக்கும் போனது.

சொர்ணம்மாள் பெருக்கிக்கொண்டிருந்த இடத்துப் பெஞ்சின் மேல் காரைத்தூள் கொட்டியது. வாசலில் நின்ற அத்தனை தலையும் அண்ணாந்திருந்தது. இவர் இன்னும் கயிற்றை விடவில்லை.