பெற்றோல் இறங்கிய வருசம்

அலெக்ஸாண்டரின் உயிருக்கு, வெளிநாட்டுக்கு ஆள் அனுப்பும் ஏஜென்சிக்காரன் போட்ட விலை நாலாயிரத்து ஐந்நூறு டொலர். கேட்டால் நூறு இருநூறு குறைப்பானாம். தம்பியின் உயிருக்குப் பேரம் பேச அண்ணன் கிறிஸ்துநாயகம் மாஸ்டருக்கு வாய் வரவில்லை. அந்த வாயைப் பிழையான இடத்தில் திறந்தார் என்பதுதான் கதை.

1986 தை மாதம். கையில் ஆயிரத்து நூறு டொலர் இருந்தது. மிச்சத்துக்கு அவர் கவலைப்படவில்லை. நைஜீரியாவில் ஏழு வருடம் புவியியல் படிப்பித்துச் சேர்த்த பன்னிரண்டாயிரம் நைரா கானோ நகரத்து வங்கியில் கிடந்தது. அதை டொலராக்கி அனுப்பும்படி நாலு கடிதம் போட்டிருந்தார். ‘பரிசீலனையில் உள்ளது’ என்று நாலு பதிலும் வந்திருந்தன.

மாஸ்டர் இப்போது குடியிருந்த ஸ்காபரோவில் பலசரக்குக் கடை வைத்திருந்த நீக்கிலாப்பிள்ளைதான் குறுக்குவழி சொன்னார். அவருடைய மகன் கானோவில் பள்ளிக்கூடம் கட்டிக்கொண்டிருந்தான். அவனுக்கு நைரா வேண்டும். மாஸ்டர் அவன் பேருக்குக் காசோலை எழுதினால், இங்கே தகப்பன் டொலரை எண்ணிக் கொடுப்பார். மூன்று நைராவுக்கு ஒரு டொலர்.

நாலாயிரம் வரும், தம்பியைக் கூப்பிட்டு மிச்சமும் இருக்கும். தம்பியோ அவசரமில்லை என்று எழுதியிருந்தான். மாஸ்டர் இரண்டரைதான் நியாயம் என்று நின்றார்.

“காகிதக் காசு விழும் அண்ணை. நைஜீரியாவில நிலத்துக்குக் கீழ கிடக்கிற எண்ணெய் எங்க விழப்போகுது?”

நீக்கிலாப்பிள்ளை பருப்பு நிறுப்பதை நிறுத்தவில்லை. “ஒரு சாமானை மட்டும் விக்கிற கடை அது, மாஸ்டர். எங்கட ஊர் வெத்திலைக் கடைக்காரன்கூட நாலு கட்டிச் சவுக்காரம் வைச்சிருப்பான்.”

மாஸ்டருக்கு அது தெரியாததல்ல. கானோவில் நிலக்கடலை மூட்டைகளைக் கோபுரம் கோபுரமாக அடுக்கியிருந்த காலத்தின் கடைசியை அவர் கண்டவர். எண்ணெய்க் காசு வந்தது, கடலை போட்டவன் நகரத்துக்குப் போனான், கோபுரங்கள் போயின. அரிசி கப்பலில் வந்தது. எண்ணெய் நாட்டிலேயே பெற்றோலுக்கு வரிசையில் நின்றிருக்கிறார். ஆனால் வரைபடத்தில் எண்ணெய்க் கிணறுகளைக் காட்டி ஏழு வருடம் “வளம், வளம்” என்று சொன்ன நாக்கு, சொன்னவரையே நம்பவைத்துவிட்டது.

மாசியில் எண்ணெய் விலை இறங்கத் தொடங்கியது. மாஸ்டர் வேலை செய்த இடம், வேறெங்கே, மோர்னிங்சைட் வீதியில் ஒரு பெற்றோல் நிலையம். முதலாளி சொல்லும் விலையை நீளத் தடியால் உயரப் பலகையில் மாற்றுவது அவர் வேலை. லீற்றர் ஐம்பது சதம் நாற்பத்தெட்டானது, நாற்பத்தைந்தானது. கார்க்காரர்கள் வெளிச்ச முகத்தோடு வந்தார்கள். தாங்கி நிறைந்தால் இரண்டு மூன்று டொலர் மிச்சம். நல்ல மனசுக்காரன் அதில் ஒரு இருபத்தைந்து சதக் குவாட்டரை மாஸ்டரின் கையில் வைத்துவிட்டுப் போனான். அந்த மிச்சம் எந்தத் தேசத்து வாத்தியின் சம்பளத்திலிருந்து வருகிறது என்று அவனுக்குத் தெரிய நியாயமில்லை. மாஸ்டர் நன்றி சொல்லி வாங்கிக்கொண்டார்.

ஆடி பிறக்கத் தம்பியின் கடிதம் வந்தது. இராணுவச் சுற்றிவளைப்பில் கூட்டாளிகள் இரண்டு பேரைக் கொண்டுபோய்விட்டார்களாம். அவன் கொழும்பில் ஒரு லொட்ஜில் ஒளிந்திருந்தான். வெள்ளிக்கிழமைக்குள் காசு கட்டாவிட்டால் ஏஜென்சிக்காரன் பயணத்தில் அவனுக்கிருந்த இடத்தை இன்னொருவனுக்குக் கொடுத்துவிடுவான்.

மாஸ்டர் கடைக்கு ஓடினார். எண்ணெயோடு விழுந்த நைராவுக்கு நீக்கிலாப்பிள்ளை சொன்ன விலை: ஐந்து நைராவுக்கு ஒரு டொலர்.

“தையில மூண்டெண்டு சொன்னனீங்கள், அண்ணை.”

“தையில வாங்கின கத்தரிக்காயை ஆடியில அதே விலைக்கு எடுப்பியளோ?”

மாஸ்டர் தம்பியின் கடிதத்தைத் தராசுக்குப் பக்கத்தில் வைத்தார். பேரம் போய், கெஞ்சல் வந்திருந்தது. அதைக் கண்டோ என்னவோ, கிழவர் தராசைத் தள்ளி வைத்தார்.

“எண்பத்திமூண்டு ஆடியில என்ர கொழும்புக் கடையில எட்டு லட்சத்துச் சாமான். கலவரத்துக்கு ஒரு கிழமைக்கு முதல் ஒருத்தன் ஆறுக்குக் கேட்டவன். நான் ஏழரை எண்டு நிண்டனான். பிறகு சாம்பலுக்கு ஆர் விலை சொல்லுறது?”

“அப்ப மூண்டுக்குத் தாங்கோவன்.”

“தந்தால் அது வியாபாரமில்லை, தருமம். தருமம் வாங்கின கடைக்கு ஆரும் திரும்பி வாறேல்லை. ஐஞ்சுதான். குறையிறதைக் கடனாத் தாறன், வட்டி வேண்டாம்.”

பழுப்புக் காகிதப் பையின் முதுகில் அவரே எழுதினார். நைரா பன்னிரண்டாயிரம், டொலருக்கு ஐந்துப்படி: இரண்டாயிரத்து நானூறு. மாஸ்டரின் கையிருப்பு: ஆயிரத்து நூறு. கடன்: ஆயிரம். மொத்தம் நாலாயிரத்து ஐந்நூறு, சரி.

மாஸ்டர் பேனையை வாங்கி, மணிக்கு ஐந்து டொலர் சம்பளத்தில் வகுத்துப் பார்த்து, கீழே ஒரு வரி சேர்த்தார். பாக்கி: இருநூறு மணித்தியாலம்.