தேதி மறந்த பெட்டி

செயற்கைக் கால் செய்கிற அந்தப் பட்டறையில் வெயில்கூட வெள்ளையாகத்தான் விழும். காற்றில் எப்போதும் மாவுக்கட்டுத் தூள் மிதந்துகொண்டிருக்கும். பார்த்துக்கொண்டே இருந்தால் கண் தானாகச் சொக்கும்.

தம்பிக்குக் கேட்கவே வேண்டாம். மூன்று வருடம் ஒரு கம்பெனியில் இராத்திரி முழுக்க யார் யாருடைய கம்ப்யூட்டரையோ போனிலேயே சரிசெய்துவிட்டு, ஒரு விடியற்காலையில் சொல்லாமல் கொள்ளாமல் வேலையை விட்டவன். அவன் விட்டாலும் அந்த வேலை அவனை விடவில்லை. பகல் இரண்டு மணிக்கு உலகம் தண்ணீருக்கு அடியில் நடப்பதுபோல் இருக்கும் அவனுக்கு.

இப்போது அப்படித்தான் அக்காவின் பழைய கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்கார்ந்திருந்தான். கறுப்புத் திரையில் ஒரே வரி: டிஸ்க் கிடைக்கவில்லை.

"என்னடா சொல்லுது?" அக்கா கையில் ஒட்டிய மாவைத் துடைத்தபடி வந்தாள். பட்டறை அவளுடையது.

"டிஸ்க் இல்லைங்குது."

"உள்ள ரெண்டு கிடக்கே. ஒண்ணு போனாலும் ஒண்ணு இருக்கும்னுதானே ரெண்டு போட்டோம்?"

"அப்படி இல்லக்கா. இது பாதியை அதுல எழுதும், பாதியை இதுல எழுதும். ரெண்டும் சேர்ந்தாத்தான் முழுசு. ஒண்ணைத் தனியாக் கழட்டி வேற பெட்டியில போட்டா அரைக் காலுதான் வரும்."

அக்கா பெஞ்சுப் பக்கம் திரும்பவே இல்லை. அங்கே தபால்காரர் உட்கார்ந்திருந்தார். வலது காலில் முழங்காலுக்குக் கீழே பேண்ட்டை மடித்து ஊக்குக் குத்தியிருந்தார். லீவு ஞாயிற்றுக்கிழமையோடு முடிகிறது. திங்கட்கிழமை ஆபீசுக்கு நடந்து போய்க் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் முத்திரை குத்தும் மேசையில் நிரந்தரமாக உட்கார வைத்துவிடுவார்கள். இருபத்தாறு வருடம் தெருத்தெருவாக நடந்த மனுஷன்.

அவருடைய காலின் அளவு அந்த இரண்டு டிஸ்க்கில்தான் இருந்தது. வேறெங்கும் இல்லை. அச்சு எடுப்பார்கள், ஸ்கேன் செய்வார்கள், பிறகு இடத்தை அடைக்கிறதென்று அச்சைச் சுத்தியலால் உடைத்துவிடுவார்கள். அது பட்டறையின் வழக்கம். அவருடையதை நேற்றுத்தான் அக்கா உடைத்தாள். மறுபடி அச்சு எடுத்து, காயவைத்து, திருத்தி, முதலிலிருந்து ஆரம்பித்தால் மூன்று வாரம்.

"காலையில போட்ட அப்டேட் பண்ணின வேலை," என்றான் தம்பி. "புது சிஸ்டத்துக்கு இந்தப் பழைய டிஸ்க்கை ஓட்டுற டிரைவர் புரோகிராம் ஒத்துக்கலை."

"மூணு மணி நேரமா இதையேதான் சொல்ற. நொண்டிச் சாக்கு சொல்லாம—"

அக்கா நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"பரவாயில்லம்மா," என்றார் தபால்காரர். "சாக்குக்கும் சேர்த்து ஒரு கால் செஞ்சு குடுத்துருங்க."

தம்பி பழைய டிரைவரைப் போட்டான். புதியதைப் போட்டான். பென் டிரைவிலிருந்து ஏற்றிப் பார்த்தான். அப்டேட்டையே திருப்பி எடுக்கச் சொன்னான். எதை எடுக்க? டிஸ்க்கே இல்லை என்கிறது. கடைசியில் கம்ப்யூட்டரின் அடிப்படை அமைப்புப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, அதன் நீலத் திரையைப் பார்த்தபடி அப்படியே கண் அயர்ந்தான்.

கால்கள் வரிசையில் நின்றன. மேலே ஆள் இல்லை. முழங்காலோடு சரி. மாவு நிறத்தில், சத்தமில்லாமல், ஒன்றன்பின் ஒன்றாக ஏதோ கவுண்டரை நோக்கி நகர்ந்தன. முதல் கால் அவனிடம் கேட்டது: "நான் யாரோடது?" அவன் பழைய வேலையின் குரலில், "கொஞ்சம் லைன்ல இருங்க," என்றான். கால்கள் பொறுமையாக நின்றன. தூள் பனிபோல் விழுந்து விரல்களை மூடிக்கொண்டிருந்தது.

டக், டக் என்று ஊன்றுகோல் சத்தம். கண்ணைத் திறந்தால் தபால்காரர் தோளுக்குப் பின்னால் நின்று திரையை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தம்பி, தேதி தப்பா இருக்கே."

"எங்க?"

"மேல மூலையில. ஜனவரி ஒண்ணுங்குது. அதுவும் பதினஞ்சு வருஷத்துக்கு முந்தி." அவர் குரலில் கண்டிப்பு இருந்தது. "எங்க ஆபீஸ்ல காலையில முதல்ல முத்திரையில தேதியைப் பார்ப்போம். அது தப்பா இருந்தா அன்னைக்குக் குத்தினது அத்தனையும் தப்பு."

தம்பிக்குத் தூக்கம் கலைந்தது. உள்ளே காசு அளவில் ஒரு பேட்டரி இருக்கும்; கரண்ட் இல்லாதபோது தேதியையும் அமைப்புகளையும் நினைவில் வைத்திருப்பது அதுதான். எப்போதோ செத்திருக்கிறது. இந்தப் பெட்டியை யாரும் அணைப்பதில்லை. சுவிட்ச் மேல் பிளாஸ்திரியே ஒட்டி வைத்திருந்தாள் அக்கா. அதனால் தெரியவில்லை. இரண்டு டிஸ்க்கையும் ஒன்றாகப் படி என்ற அமைப்பும் தேதியோடு சேர்ந்து போய்விட்டது. டிஸ்க்கிலோ டிரைவரிலோ ஒரு கோளாறும் இல்லை.

"அக்கா, மாவு நிறுக்கிற தராசைக் குடு."

அதிலிருந்த பேட்டரியைப் பிடுங்கி இதில் போட்டான். தேதியைத் திருத்தினான். டிஸ்க் அமைப்பைப் பழையபடி மாற்றினான். திரை இருண்டது. பிறகு மெல்ல வெளிச்சம் வந்தது. தபால்காரரின் காலின் மிச்சம் திரையில் தோன்றி, நிலா மாதிரி வெளுப்பாக, தன்னைத்தானே சுற்ற ஆரம்பித்தது.

"இதுவா நான்?" என்றார் அவர்.

"அப்போ அப்டேட்டால இல்லையா?" என்றாள் அக்கா.

பொய் சொல்ல நல்ல சமயம்தான். தம்பி சொல்லவில்லை.

"இல்ல. அப்டேட் முடிஞ்சு அணைஞ்சு எழுந்திருக்கிற நேரத்துல, தூசி தட்டலாம்னு பிளக்கைப் பிடுங்கினேன். பத்து நிமிஷம். பேட்டரி செத்தது தெரியாது."

"பிளாஸ்திரி கண்ணுல படலை?"

"பிளாஸ்திரி சுவிட்ச் மேலதானே இருந்துச்சு."

"எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தினவன் நீதான்டா." அக்கா செதுக்கும் இயந்திரத்தை ஓடவிட்டாள். திரையிலிருந்த அளவுக்கு நுரைக்கட்டை சுழன்றது, வெள்ளைத் துகள் பறந்தது. "நாளைக்குக் காலையில வந்து போட்டுப் பாருங்க," என்றாள் தபால்காரரிடம். அச்சு உடைக்கிற சுத்தியலை எடுத்துக் கருவிப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினாள். பிறகு தம்பியைப் பார்த்தாள்.

"தராசுக்குப் பேட்டரி வாங்கிட்டு வா. நடந்தே போ. கால் இருக்குல்ல."

அவன் தெருவில் இறங்கினான். வெயிலில் எல்லோருடைய கால்களும் நடந்து போய்க்கொண்டிருந்தன. இந்தத் தடவை மேலே ஆட்களும் இருந்தார்கள்.