சோதனையின் முடிவு

ஸ்ரீகரன் வாசலில் பிளாஸ்டிக் நாற்காலிகளைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தபோது, மனைவியோடு வேலை பார்த்த ஹனா உள்ளே மாமனாரிடம் பேசுவது காதில் விழுந்தது.

"சிந்துஜாக்கா செஞ்சது ஜெயிச்சிருச்சு அங்கிள். கடைசி டெஸ்ட்ல நல்லா தாங்குச்சு."

அவன் கை நின்றது.

கூடத்தில் அவன் மனைவி சிந்துஜாவைக் கிடத்தியிருந்தார்கள். மதியத்துக்கு மேல் தகனம். நோய் கண்டுபிடித்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. அவளுடைய ஆராய்ச்சி மின்காப்புத் துண்டுகளைப் பற்றியது. உயர் மின்னழுத்தம் ஏறும்போது அவற்றின் மேல்பரப்பில் மின்சாரம் ஊர்ந்து பாய்ந்து பொசுக்கிவிடும். அந்த மேல்பரப்பை ஒரு வாயுவால் பக்குவப்படுத்தினால் தாங்குமா என்பதைத்தான் பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் வருடக்கணக்காக அவள் தேடினாள்.

தாங்கவில்லை. போன வாரம் ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டு ஹனாவேதான் அதைச் சொன்னாள். பக்குவப்படுத்திய துண்டுகள், சும்மா விட்ட துண்டுகளுக்கும் முன்னாலேயே பொசுங்கிவிட்டனவாம். சிந்துஜா போனை வைத்துவிட்டு ஸ்ரீகரனிடம் விஷயத்தைச் சொன்னாள்.

"பரவால்ல லா," என்றாள். "இந்த வழி சரிவராதுன்னு எழுதி வச்சா, இன்னொருத்தர் வீணா அலைய மாட்டாங்க."

அன்றைக்குக் கஞ்சி வழக்கத்தைவிடக் கூடவே குடித்தாள்.

மாமனார் விநாசித்தம்பி துறைமுகத்தில் கணக்கெழுதும் கிராணியாக இருந்து ஓய்வுபெற்றவர். காலையிலிருந்து வாய் திறக்காமல் இருந்தவர், இப்போது வருகிறவர்களிடமெல்லாம் மகள் ஜெயித்த கதையைச் சொல்ல ஆரம்பித்தார்.

ஹனா கிளம்பியபோது ஸ்ரீகரன் கேட் வரை கூடப் போனான். அவள் அவன் முகத்தைப் பார்க்கவில்லை.

"அங்கிள் கையைப் பிடிச்சுக்கிட்டு, ஜெயிச்சுச்சான்னு கேட்டாரு அண்ணே. வாயில வேற வரல."

"ரிப்போர்ட்ல என்ன எழுதப் போறீங்க?"

"வந்த ரிசல்ட்டைத்தான். எழுதிட்டேன். அக்கா பேருதான் முதல்ல."

அவன் தலையசைத்தான். அவளுடைய கார் பாயான் பாரு நகரின் பெரிய சாலையில் திரும்பும் வரை நின்றுவிட்டு உள்ளே வந்தான்.

பக்கத்து வீட்டுத் தயாளனிடம் மாமனார் அதையே சொல்லிக்கொண்டிருந்தார். மருமகனைக் கண்டதும் பேச்சை நிறுத்தினார்.

"நல்லா தாங்குச்சாம். இல்லையா தம்பி?"

தயாளனும் அவனைப் பார்த்தார்.

மாமனாரின் சட்டைக் காலர் வியர்வையில் நனைந்து கிடந்தது. ஸ்ரீகரன் மின்விசிறியை அவர் பக்கம் திருப்பி வைத்தான்.

"காலையிலேர்ந்து ஒண்ணும் குடிக்கல மாமா நீங்க."

சமையலறைக்குப் போய் மைலோ கலக்கி எடுத்து வந்தான். அவர் பக்கத்தில் உட்கார்ந்து, குடித்து முடிக்கும் வரை குவளையின் அடியைப் பிடித்துக்கொண்டிருந்தான்.